யோபு முறையிடவில்லை என்பது சரியல்ல

உண்மையான விசுவாசி துன்பத்தில் முறையிடமாட்டான், வேதாகமத்தில் பெருந்துன்பம் அனுபவித்த யோபுவும் முறையிடவில்லை, ஆகவே புலம்புவது அவிசுவாசம் என்று மேலே சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது வேதாகமத்துக்கு ஒத்ததல்ல. யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திக்கொண்டால் அப்படித் தோன்றலாம். ஆனால் மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், பின்னர் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு நேராகவே வழக்காடுகிறார். பெருங்காற்றிலிருந்து பேசிய கடவுள் யோபுவையும் கண்டிக்கத்தான் செய்தார். ஆயினும் முடிவில் (42:7) கடவுளுடைய கோபம் மூண்டது, பாவத்தினால்தான் இந்தத் துன்பம் வந்தது என்று வாதாடிய யோபுவின் நண்பர்கள்மீதே. புலம்பல் ஜெபமான 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசுவும் 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்றே கதறினார். அதையும் அவர் 'என் தேவனே' என்று அழைத்துத்தான் கேட்டார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் திருகோணமலைக் கரையோரத்தில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவும் முடியாமல் மடியில் வைத்தபடி ஆராதனை முடியும்வரை அழுதுகொண்டிருந்த தாய்மாரை நம்மில் பலர் அறிவோம். அவர்களும் வாசிக்கக்கூடிய இடத்தில் இருக்கும் அந்த வரியைச் சகோதரர் தயவுசெய்து திருத்திவிட வேண்டும்.