பழையபடி திரும்பியது யார்?

நார்வேக் குழுவான மேஹெம் பற்றிப் பேச்செடுத்தாலே, வேகமும் அலறலுமான பிளாக் மெட்டல் இசையின் ரசிகர்களிடம் ஒரே பாட்டுதான். 2000இல் வந்த 'கிராண்ட் டிக்ளரேஷன் ஆஃப் வார்' ஆல்பம் சொதப்பலாம், 2004இல் 'கைமேரா' வந்த பிறகுதான் ஆட்கள் பழையபடி திரும்பினார்களாம். இங்கே சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசா பக்கம் சுற்றும் தம்பிகளில் தொடங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீவக அடுக்குமாடி வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் என் வயசுக்காரர்கள் வரைக்கும் இதையே சொல்கிறார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை.

பழையபடி என்றால் எதற்குத் திரும்புவது? அவர்களுடைய பழைய ஆல்பம் 'டி மிஸ்டீரிஸ் டோம் சத்தனாஸ்' 1994இல் வெளியானபோது அதில் கிட்டார் வாசித்த யூரோனிமஸ் உயிரோடு இல்லை, முந்தைய ஆண்டே கொல்லப்பட்டுவிட்டார். பாடியவர் ஹங்கேரிக்காரர் அட்டிலா. 'கைமேரா'வில் பாடுவதோ மேனியாக், கிட்டார் பின்னால் வந்து சேர்ந்த பிளாஸ்ஃபமர். ஹெல்ஹாமரின் டிரம்ஸோடு இதே ஆட்கள்தான் எல்லாரும் திட்டுகிற அந்த 2000ஆம் ஆண்டு ஆல்பத்தையும் செய்தார்கள்.

அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ராணுவ அணிவகுப்புக்குத் தட்டுவதுபோல ஸ்னேர் டிரம் போகும், மேனியாக் பாடாமல் பிரகடனம் வாசிப்பார். டிரம்ஸ் ஒலி துடைத்துவைத்த மாதிரி சுத்தம். நடுவில் எலக்ட்ரானிக் தாளம் வேறு (அது எனக்கும் ஓவர்தான்). ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ரிஃப், அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் துண்டு, சட்டென்று அறுந்து, ஒரு கணம் ஒன்றுமில்லாமல் நின்று, வேறு கணக்கில் மறுபடி கிளம்புகிறதே, அந்த வித்தையை அங்கேதான் தேற்றிக்கொண்டார்கள். 'கைமேரா'வில் வேகமும் அலறலும் திரும்பி வந்தன, சரி. கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். அதே அறுப்பு, அதே கோணல். மேலே அழுக்கைப் பூசிக் கொடுத்ததால் நமக்குப் பழசு மாதிரி கேட்கிறது.

நம்ம ஊர் ருத்ரா 1992இல் ஆரம்பித்த குழு. மெட்டலுக்குள் சமஸ்கிருத சுலோகத்தைக் கொண்டுவந்து 'வேதிக் மெட்டல்' என்று பேர் வாங்கினார்கள். வழக்கப்படியே வாசியுங்கப்பா என்ற பேச்சுக்குத் தலையாட்டியிருந்தால் அது நடந்திருக்குமா?

'கைமேரா'வுக்குக் கைதட்டுங்கள், நானும் தட்டுகிறேன். அதற்கு முந்தியதைக் குப்பை என்று சொல்லாதீர்கள். ஒலிதான் பிரச்சினை என்றால் 2018இல் அதையே புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டிருக்கிறார்கள், அதிலிருந்து தொடங்குங்கள்.