தேர்தல் இல்லாத ஐந்து வருஷத்தை நாங்கள் பார்த்தாச்சு

ஞாயிற்றுக்கிழமை நம் வேலூர் மாவட்டம் காட்பாடி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் பேசியதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. "இந்த நாட்டுக்குத் தேர்தலே வேஸ்ட். பத்து வருஷம் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு கண்டிப்பான அதிகாரி கையில கொடுங்க, சிங்கப்பூர் ஆயிடும்." பேசியவர்மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. மைக் கிடைத்தால் யாரும் எதையும் பேசுவார்கள். கைத்தட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டியதில் பாதிப் பேர் குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள். உங்களுக்குமா மறந்துபோச்சு?

தேர்தல் இல்லாமல் வாழ்ந்து பார்த்தவர்கள் சார் நாம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நடக்க இருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, வழக்குக்கு மேல் வழக்கு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, வேலூரை மூன்றாகப் பிரித்த கையோடு நம்மை ஓரமாக உட்காரவைத்தார்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூரையும் சேர்த்து 9 மாவட்டங்களுக்கு அதே கதி. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். முழுசாக ஒரு பதவிக்காலம் போயே போய்விட்டது. நீங்கள் கேட்கும் அதிகாரி அந்த ஐந்து வருஷமும் இருந்தார். தனி அலுவலர் என்று பெயர். சிங்கப்பூர் ஆச்சா?

அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. ஒன்றியத்தில் இருக்கிற ஊராட்சி அத்தனையையும் ஒரு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) தலையில் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்? தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை என்று நிதிக்குழு மானியத்தையும் டெல்லி நிறுத்தி வைத்தது.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 2018 கோடை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. எனக்குப் பெரியம்மா முறை ஆகிறவர் ஒருவர், பழக்கதோஷத்தில் நேராகப் பழைய தலைவர் வீட்டுக்குப் போய், காலிக் குடத்தை வாசல்படியில் ணங்கென்று வைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாபா, ஓட்டு கேக்க மட்டும் தெரியுமா? வெளிய வா." அவர் லுங்கியோடு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நான் இப்ப தலைவர் இல்லக்கா. என் கையெழுத்து செல்லாது. பிடிஓ ஆபீஸ்ல போய்க் கேளுங்க." அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரியம்மா நூறுநாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறினார். நானும் இன்னும் சில பேரும் கூடப் போனோம். சார் மீட்டிங்கில் இருந்தார். மறுபடி போனோம். சார் மாறுதலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்கள் ஊர் எந்தத் திசை என்றே தெரியவில்லை. கடைசியில் வீட்டுக்கு வீடு காசு வசூலித்து நாங்களேதான் மோட்டாரைக் கட்டினோம்.

பெரியம்மாவுக்கு அன்று இல்லாமல் போனது நல்ல தலைவர் அல்ல. பழையவர் ஒன்றும் உத்தமர் இல்லை, குழாய் போட்டதில் அவர் என்ன சாப்பிட்டார் என்று ஊருக்கே தெரியும். இல்லாமல் போனது குடத்தை வைக்க ஒரு வாசல். வீடு தெரிந்த ஒரு ஆள், அவர் மறுபடி நம்மிடம் வந்து நிற்க வேண்டிய ஒரு தேதி. இது இரண்டும் இருந்தால் திருடனிடமும் தண்ணீர் வாங்கலாம். இல்லாவிட்டால் யோக்கியரிடமும் வாங்க முடியாது.

"காசு வாங்கிட்டுத்தானே ஓட்டுப் போடறீங்க?" வேலூர்க்காரன் என்றாலே இந்தக் கேள்வி இலவச இணைப்பு. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு நம் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள், ஊரெல்லாம் சிரித்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி மறுபடி நடந்தது, 8,141 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. பணம் விளையாடவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தேர்தல் என்று ஒன்று வந்ததால்தானே அந்தப் பணம் வெளியே வந்தது? உங்கள் கண்டிப்பான அதிகாரி காலத்தில் பணம் கைமாறினால் யார் ரெய்டு விடுவது?

அடுத்தது, "படிக்காத ஜனங்க". 1951-52 முதல் தேர்தலில் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள், பெரும்பாலோர் கைநாட்டு. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டி நடத்தி முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசியவர் பட்டதாரிதான்.

எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்ததாம். வந்திருக்கட்டும். பத்திரிகைக்குத் தணிக்கை, 1976 ஜனவரி 31-இல் நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த தி.மு.க. ஆட்சி கலைப்பு, இதெல்லாம்கூட நேரத்துக்குத்தான் வந்தது. 1977-இல் வடக்கத்தி ஜனங்கள் கணக்கைத் தீர்த்தார்கள். தமிழ்நாடு அப்போது எந்தப் பக்கம் போட்டது என்று கேட்காதீர்கள், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

இதையெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பொறுமையாகத்தான் எழுதினேன். வந்த பதில்: "உங்க அண்ணி வார்டு மெம்பர் ஆச்சே, அதான் வலிக்குது." அப்புறம் இன்னொருவர், "கையெழுத்து அண்ணி, ஆட்சி அண்ணன்" என்று சிரிப்புப் பொம்மையோடு. சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆரம்பத்தில் கூட்டத்துக்கு அண்ணன்தான் கூடவே போனார். இப்போது போய்ப் பாருங்கள். போன கிராம சபையில் ஊராட்சிச் செயலர் வரவு செலவை மளமளவென்று வாசித்துக்கொண்டே போனார். அண்ணி எழுந்து, "எங்க தெருவுல ரெண்டு லைட்டுதான் எரியுது, பில்லுல அஞ்சு இருக்கே, மிச்சம் மூணு எங்க?" என்றார். செயலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி அந்த வரியையே வாசித்தார். அண்ணி உட்காரவில்லை. ஒரு வாரத்தில் மூன்று லைட்டும் வந்தன. எட்டாவதோடு நின்ற பொம்பளை. அவரை வைத்தா சிரிக்கிறீர்கள்? வருஷத்துக்கு 6 கிராம சபை. அன்று கைத்தட்டிய கைகளில் ஒன்றாவது அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்குமா?

நேற்று ராத்திரி குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அட்மின் யாரைக் கேட்டு எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. போகட்டும், திரும்பச் சேர்க்கச் சொல்லி எனக்காக யாரும் பேச வேண்டாம். கைத்தட்டியவர்களில் எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருவன் இருந்தான். அந்தக் கோடையில் பிடிஓ ஆபீஸ் வாசலில் என்னோடு நின்றவன், மோட்டாருக்கு வீடு வீடாக வசூல் செய்தவன். அவன் மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணட்டும்.