படித்துறைப் பூட்டுக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

முந்தாநாள் காலையில் நம்ம ஊர்க் காவேரிப் படித்துறைக் கேட்டில் தொங்கும் பூட்டைப் படம் எடுத்து யாரோ ஊர்க் குழுவில் போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கைதட்டல்கள் குவிந்தன. 'நல்ல முடிவு', 'எப்பவோ செய்திருக்கணும்', 'நன்றி தலைவரே'. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தப் பூட்டு எத்தனை நாளைக்கு? அதற்கு வந்த பதிலை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். 'பொம்பளைங்களுக்கு ஆத்தங்கரையில என்ன வேலை? அதான் ஏரியில பார்க் கட்டிக் கொடுத்தாச்சே.' அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். குழுவில் மல்லுக்கு நிற்க மனசில்லாமல் வெளியே வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

ஆற்றில் மூழ்கி அந்தப் பையன் செத்துப் போனது என்னால் தாங்க முடியாத விஷயம். அவன் அம்மாவை எனக்குத் தெரியும், துக்கத்துக்குப் போய் வந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். ஆனால் அவன் பெயரைச் சொல்லிப் பூட்டுப் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும். அவன் இறங்கியது படித்துறையிலா? இல்லை. பாலத்துக்குக் கிழக்கே, மணல் அள்ளிய பக்கம். அங்கே படி கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது, ஒரு எச்சரிக்கைப் பலகை கிடையாது. அந்த இடம் இன்று வரைக்கும் திறந்தே கிடக்கிறது. நூறு வருஷமாக ஊரே குளித்த இடத்தைப் பூட்டிவிட்டு, ஆள் செத்த இடத்தைத் திறந்து போட்டிருக்கிறார்கள். இதற்குத்தான் கைதட்டினீர்கள்.

ஆற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணல் அள்ளிய குழி கோடையில் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்த பிறகு தெரியாது. மேலே ஒரே மட்டமாக, முழங்கால் அளவு என்றுதான் தோன்றும். நடந்துகொண்டே இருப்போம், அடுத்த அடியில் தரை இருக்காது. குழியின் விளிம்பில் கால் ஊன்றி ஏறப் பார்த்தால் மணல் சரியும், மறுபடியும் உள்ளே இழுக்கும். பாலத்தூண் பக்கமும் அப்படித்தான். தூணில் மோதும் தண்ணீர் சுழன்று அடி மணலை அரித்துப் பள்ளமாக்கி வைத்திருக்கும். நீச்சல் தெரிந்தவனே தடுமாறுகிற இடம் அது. படித்துறையில் இது எதுவும் இல்லை. படி எங்கே முடிகிறது, எந்தப் படிக்கு மேல் தண்ணீர் ஏறினால் இறங்கக் கூடாது என்று எங்கள் தெருக் குழந்தைகளுக்குக் கூடத் தெரியும்.

'உயிர் போனால் நீ பொறுப்பேற்பாயா?' இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். சரி, பதில் சொல்கிறேன். பூட்டின பிறகு நம்ம ஊர்ப் பையன்கள் ஆற்றுக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம். ஏப்ரல் வெயிலில், பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டுக்குப் பின்னால் காவேரி ஓடும்போது? போவார்கள். படித்துறையில் நாலு பெரியவர்கள் கண்ணுக்கு முன்னால் குளித்தவன், இனிமேல் யாரும் பார்க்காத இடத்துக்குப் போவான். கால் வழுக்கினால் கத்துவதற்குக் கூட அங்கே ஆள் இருக்காது. அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்பீர்களா?

2023 பிப்ரவரியில் மாயனூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கால்பந்துப் போட்டிக்கு வந்த நாலு பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் காவேரியில் மூழ்கிப் போனார்கள். வெளியூர்ப் பிள்ளைகள். இந்த ஆறு அவர்களுக்குப் பழக்கம் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது பிள்ளைகளை ஆற்றிலிருந்து ஒளித்து வைப்பதையா, ஆற்றைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதையா? ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. அந்த நாளில் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வழிகளில் தடுப்பு வேலியும் ஒன்று, மறுக்கவில்லை. பள்ளி வயசுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடு, விழுந்தவனை எப்படிக் கரையேற்றுவது என்று சொல்லிக் கொடு என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பூட்டுப் போட்டவர்களுக்கு வேலி மட்டும் கண்ணில் பட்டது, மிச்சம் படவில்லை. ஏனென்றால் பூட்டு வாங்க ஒரு மத்தியானம் போதும். நீச்சல் கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அக்கறை வேண்டும்.

எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது சித்தப்பா, இதே படித்துறையில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, தாவணியின் ஒரு முனையை அவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கரையில் அப்பாயி துணி துவைத்துக்கொண்டே கண்ணை எடுக்காமல் பார்ப்பாள். கை கால் அடிக்கக் கற்றதை விட அப்பாயி சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. தண்ணீர் கலங்கலாக மாறினால் ஏறிவிடு. செத்தையும் நுரையும் மிதந்து வந்தால் பின்னால் வெள்ளம் வருகிறது, குடத்தைக் கூட எடுக்காமல் ஏறு. பழகாத துறையில் இறங்காதே. இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராது. படித்துறையில் உட்கார்ந்தால்தான் காதில் விழும். அதைப் பூட்டிவிட்டு அடுத்த தலைமுறைக்கு எங்கே வைத்துச் சொல்வது?

'வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?' வெள்ளம் வந்தால் மூடுங்கள். யார் வேண்டாம் என்றது? 2024 ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் 120 அடி நிரம்பியது. நாலு நாளில் ஆடிப்பெருக்கு. ஆற்றில் லட்சம் கனஅடிக்கு மேல் போகும்போது இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். நியாயம். அந்த வருஷம் நாங்கள் கருகமணியும் காதோலையும் வைத்து வீட்டுக் குழாயடியில்தான் கும்பிட்டோம். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக நம் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. வழியில் கதவணைகள் இருக்கின்றன, எவ்வளவு திறக்கிறார்கள் என்று தினமும் பேப்பரில் வருகிறது. ஒகேனக்கல்லில் வரத்து கூடினால் குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி. கொடிவேரியில் அப்படித்தான். குற்றாலத்தைப் பாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பையனை இழந்தோம். அதற்காகக் குற்றாலத்தை நிரந்தரமாகப் பூட்டிவிட்டார்களா? தண்ணீரைப் பார்த்துத் தடை போடுகிறார்கள், தண்ணீரைப் பார்த்துத் திறக்கிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது? சுற்றுலாக்காரர்கள் வருகிற இடம் என்றால் ஆளைப் போட்டுப் பார்த்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரன் குளிக்கிற இடம் என்றால் பூட்டு.

குப்பை போடுகிறார்கள் என்பது ஒரு காரணமா? தெருவில் குப்பை போடுகிறார்கள் என்று தெருவைப் பூட்டவில்லையே.

குடிக்கிறார்கள் என்கிறார்கள். ஆமாம், குடிக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வந்து குடித்து, பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்ணாடி எங்கள் காலில்தான் குத்தியது. நாங்கள் புகார் கொடுத்தபோது அந்தப் பக்கம் ஒரு விளக்குப் போட முடியவில்லை. இப்போது குடித்தவனுக்குத் தண்டனை இல்லை, விடியற்காலையில் குளிக்கப் போகிற பொம்பளைக்குத் தண்டனை. அவனுக்கு அந்தக் கேட்டை ஏறிக் குதிக்க எவ்வளவு நேரம் ஆகும்? புடவை கட்டின அறுபது வயசுக்காரியால் ஏறிக் குதிக்க முடியுமா?

இப்போது அந்த 'என்ன வேலை' என்ற கேள்விக்கு வருகிறேன் அண்ணே. நீங்கள் காலையில் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருவீர்கள். சாயங்காலம் பாலத்துச் சுவரில் உட்காருவீர்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்பீர்கள். உங்களை யாரும் என்ன வேலை என்று கேட்டதில்லை. இந்த ஊரில் ஒரு பொம்பளை வேலை எதுவும் இல்லாமல், சும்மா, வானத்தைப் பார்த்து உட்காருவதற்கு எந்த இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். கோயிலுக்குப் போனால் கும்பிட்டு எழுந்து வரணும். கடைக்குப் போனால் வாங்கிக்கொண்டு வரணும். படித்துறை ஒன்றில்தான் துணி துவைக்கிறேன் என்ற பெயரில் கொஞ்ச நேரம் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார முடிந்தது. மாமியாரைப் பற்றி அழுதவள் அங்கேதான் அழுதாள். பொண்ணுக்கு வரன் அமைந்ததும் முதலில் அங்கேதான் சொன்னாள். என் அம்மா கான்சருக்கு வைத்தியம் பார்த்த காலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒவ்வொரு தடவையும் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போ என்பாள். குளிக்க மாட்டாள். மேல் படியில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அதுதான் அண்ணே எங்களுக்கு அங்கே இருக்கிற வேலை.

சரி, ஏரிப் பூங்காவைப் பற்றிப் பேசுவோம். கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் டிக்கெட் வாங்கணும், ஆறு மணிக்கு விசில் அடித்து வெளியே அனுப்புகிறார்கள். கூலி வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவளுக்கு ஆறு மணிக்குத்தான் மூச்சு விடவே நேரம் கிடைக்கும். மரம் இருந்த இடத்தில் பேவர் பிளாக் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. வேப்பமரத்தை வெட்டிவிட்டு நிழலுக்குத் தகரக் கூரை.

ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையோரத்து நாணலையும் கோரையையும் மொத்தமாக வழித்தார்கள். தாழைக்கோழி கூடு கட்டுவது அந்தக் கோரைக்குள்தான். கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்துவிட்டார்கள். நாரையும் கொக்கும் ஓரத்துக் கணுக்கால் தண்ணீரில் நின்று மீன் பிடிக்கிறவை, அவற்றுக்கு நிற்க இடம் இல்லை. ஆடு மாடு தண்ணீர் குடிக்க இறங்க வழி இல்லை. தவறி விழுந்தவன் ஏறவும் வழி இல்லை, இதையாவது பாதுகாப்பு பேசுகிறவர்கள் யோசித்தீர்களா? இதே மாநிலத்தில் கரைவெட்டி ஏரிக்கு 2024இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற அங்கீகாரம், கிடைத்தது. நமக்குப் பக்கத்து மாவட்டம்தான், அரியலூர். தண்ணீரையும் பறவையையும் அவற்றின் பாட்டுக்கு விட்டதால் ஏரி ஏரியாக இருக்கிறது. இங்கே ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி அதன் முன்னால் நின்று படம் எடுக்க ஒரு மேடை கட்டியிருக்கிறோம்.

எனக்குக் கோபம் இதில்தான். தண்ணீரைத் தொடாமல் பார்க்கிற இடத்தைக் கட்டுவதற்குக் காசு இருக்கிறது. தொட்டுப் புழங்குகிற இடத்தைக் காப்பாற்றக் காசு இல்லை.

'நீ அரசியல் பண்ணுகிறாய்' என்று ஒருத்தர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்பது அவருக்கே தெரியும். அவருடைய மகள் போன வருஷம் வரைக்கும் என்னிடம் நீச்சல் கற்றுக்கொள்ள அந்தப் படித்துறைக்கு வந்தவள். இப்போது நன்றாக நீந்துகிறாள். அந்தச் செய்தியை எழுதும்போது அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் கிடையாது. காலை ஐந்திலிருந்து ஒன்பது, சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை, படித்துறையைத் திறந்து வையுங்கள். நீச்சல் தெரிந்த ஒரு ஆளைக் கரையில் நிறுத்துங்கள், கையில் கயிறும் காற்றடைத்த டியூபும் கொடுங்கள். ஆற்று மீனவர்களில் அந்த வேலைக்கு வரத் தயாராக இருக்கிறவர்களை எனக்கே தெரியும். எந்தப் படி வரைக்கும் இறங்கலாம் என்று சிவப்புப் பெயிண்டில் கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டினால் மூடுங்கள், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பெண்கள் உடை மாற்ற நாலு சுவர் கட்டுங்கள். விளக்குப் போடுங்கள். பாலத்துக்குக் கிழக்கே மணல் குழி இருக்கிற இடத்தில் முதலில் வேலி போடுங்கள்.

இதையெல்லாம் மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கிழக்குத் தெருவிலும் மீனவர் தெருவிலும் ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறோம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்புகிறோம், வருகிறவர்கள் ஆதார் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். குழுவில் கட்டைவிரல் காட்டியவர்களும் வரலாம்.