பாலத்தின் சாவி யார் கையில்?

எல்லை என்றாலே நமக்கு ராணுவம், முள்வேலி, கடத்தல்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உலகத்தில் எத்தனையோ சின்ன ஊர்களுக்கு எல்லை என்பது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஒரு பாலம், அவ்வளவுதான். வேலை அக்கரையில், பல் டாக்டர் அக்கரையில், பெண்ணைக் கொடுத்த வீடும் அக்கரையில். அந்தப் பாலத்தை மூடுவதா திறப்பதா என்று முடிவெடுப்பதோ எங்கோ தலைநகரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். இதில்தான் எனக்குக் கோபம்.

தார்ச்சூலாவை எடுத்துக்கொள்ளுங்கள். காளி ஆற்றுக்கு இந்தப் பக்கம் உத்தராகண்டில் ஒன்று, அந்தப் பக்கம் நேபாளத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் இன்னொன்று, நடுவில் நடந்து மட்டுமே போகக்கூடிய ஒரு தொங்கு பாலம். இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் விசா தேவையில்லை என்பதால் அது பாலம் என்பதைவிட ஒரு தெரு என்றே சொல்லலாம். 2020இல் கொரோனா வந்ததும் அந்தத் தெருவைப் பூட்டினார்கள். நேபாளப் பக்கத்தில் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பென்ஷன் இந்தியப் பக்க வங்கியில். கூப்பிடு தூரத்தில் சொந்தப் பணம், எடுக்க வழியில்லை. அப்புறம் அதிகாரிகள் பேசி, கொஞ்ச நேரம் பாலத்தைத் திறந்துவிட்டுத்தான் சமாளித்தார்கள்.

பணக்கார நாடுகளிலும் கதை இதேதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காலிஸ், ஆற்றைத் தாண்டினால் கனடாவின் செயின்ட் ஸ்டீபன். பாலத்தைக் கடந்தால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் மாறிவிடும், மற்றபடி ஒரே ஊர் மாதிரிதான். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கத்துத் தீயணைப்பு வண்டி வரும். அங்கேயும் 2020 மார்ச்சில் அத்தியாவசியப் பயணம் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். தடுப்பூசி போட்ட அமெரிக்கர்களுக்கு 2021 ஆகஸ்டில் கனடா திறந்துவிட்டது, அமெரிக்காவோ கனடாக்காரர்களுக்குத் தரைவழியைத் திறந்தது நவம்பரில். ஆக மூன்று மாதம் பாலம் ஒருவழிப் பாதை! இதில் கொடுமை என்னவென்றால் அந்தக் காலம் முழுக்க ஒரு கனடாக்காரர் விமானம் ஏறி அமெரிக்காவுக்குப் போகலாம், பொடிநடையாகப் பாலத்தைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போக முடியாது. விமான நிலையத்தை மனதில் வைத்து விதி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

எஸ்தோனியாவின் நார்வா இன்னும் சிக்கல். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு பழைய கோட்டைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன, இடையில் இருக்கிற பாலத்துக்கு ‘நட்புப் பாலம்’ என்று பெயர். மறுகரை ரஷ்யாவின் இவான்கோரோட். 2024 பிப்ரவரியில் சீரமைப்பு என்று சொல்லி ரஷ்யா வண்டிகளை நிறுத்தியது, மே மாதம் எஸ்தோனியா இரவு நேரத்திலும் மூடியது. இப்போது சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசை. உக்ரைனில் போர் நடக்கிறது, எஸ்தோனியாவின் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வரிசையில் நிற்பது அம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள்தானே?

கட்டுவதுதான் கஷ்டம் என்பார்கள். சரி, கஷ்டம்தான். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லௌஃபென்பூர்க்கில் பாலம் கட்டியபோது இரண்டு நாட்டுக்கும் கடல்மட்டக் கணக்கில் 27 செ.மீ. வித்தியாசம் என்பது முன்கூட்டியே தெரிந்தும், கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து, 54 செ.மீ. இடித்தது. அதையே சரிசெய்து 2004இல் திறந்துவிட்டார்கள். ஆனால் டான்யூப் ஆற்றின் மேல் ஹங்கேரியின் எஸ்டர்கோமையும் ஸ்லோவாக்கியாவின் ஷ்டூரோவோவையும் இணைத்த பாலம் 1944இல் தகர்க்கப்பட்டு 2001 வரை ஆற்றில் வெறும் தூண்களாகவே நின்றது. 57 வருஷம்! பொறியாளர் கிடைக்காமலா? இரண்டு அரசுகளுக்கும் மனம் வரவில்லை. திறந்தவுடன் ஸ்லோவாக்கியப் பக்கத்து ஆட்கள் ஹங்கேரியிலிருக்கும் சுஸுகி கார் ஆலைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

பாதுகாப்பு வேண்டாமா என்று பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். வேண்டும். சோதனை போடுங்கள், ஆவணம் கேளுங்கள். நான் கேட்பது வேறு: மூடும் ஆணையிலேயே மருத்துவம், சாவு, பென்ஷன், பள்ளிக்கூடம் இவற்றுக்கு விதிவிலக்கை எழுதிவிடுங்கள், பாலத்தின் இரு பக்கத்திலும் இருக்கிற உள்ளூர் அதிகாரிகள் தங்களுக்குள் பேசி அன்றைக்கே கதவைத் திறக்க அதிகாரம் கொடுங்கள். ஒரு பெரியவர் பென்ஷன் வாங்க இரண்டு தலைநகரங்களுக்குக் கோப்பு போய்வர வேண்டியதில்லை.