வாய் காய்ந்தால் வயசின் மேல் பழி போடாதீர்கள்

அம்பாசமுத்திரத்தில் இருக்கிற பெரியம்மாவுக்கு 74 வயது. போன மே மாதம் பார்க்கப் போனபோது, "வாயெல்லாம் காஞ்சு கெடக்குடே, சோறு எறங்க மாட்டேங்கு" என்றார்கள். நாலு நாளாக வெளிக்கும் போகவில்லை. ராத்திரியில் செத்துப்போன பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். வயசாச்சு, வேறென்ன என்றார்கள் வீட்டில்.

மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். சிறுநீர் அடக்க முடியாததற்கு ஒரு டாக்டர் தந்த ஆக்சிபுட்டினின். வயிற்றுப் பிடிப்புக்கு இன்னொருவர் எழுதிய டைசைக்ளோமின். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கிய குளோர்பெனிரமின். நோய்தான் நாலு, நாலு மாத்திரையும் அடைப்பது ஒரே வாசலை.

பி.பார்ம் படிக்கும்போது குடல் துண்டு ஒன்றை உப்புக் கரைசலில், 37 டிகிரி சூட்டில் தொங்கவிட்டு அசிட்டைல்கோலின் விடுவோம், நரம்பு தசைக்குச் சேதி சொல்லும் ரசாயனம் அது. குடல் சுருங்கும், தாளில் கோடு ஏறும். அதைத் தடுக்கும் அட்ரோபின் என்ற மருந்தைச் சேர்த்த பிறகு அதே அளவு விட்டால் கோடு அசையாது. அசிட்டைல்கோலினைப் பல மடங்கு கூட்டினால் மறுபடி ஏறும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரும் முண்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்த இடம்தான் மஸ்கரினிக் ஏற்பி, அதாவது செல்லில் அந்தச் சேதியை வாங்கும் வாசல். பெரியம்மாவின் நாலு மாத்திரையும் அடைத்தது இதைத்தான். குடல், சிறுநீர்ப்பை, மூச்சுக்குழல், கண்பாவை என்று எங்கெல்லாம் மென்தசை சுருங்குகிறதோ அங்கெல்லாம் பெரும்பாலும் அதன் எம்-3 வகைக்குத்தான் வேலை.

ஆய்வகத்தில் குடல் மட்டும் தனியாகத் தொங்கியது. முழு உடம்பில் அப்படி இல்லை. அட்ரோபின் மாதிரி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் முதலில் எச்சிலும் வியர்வையும் வற்றும். அப்புறம் கண்பாவை விரிந்து பார்வை மங்கும். சிறுநீர்ப்பையும் குடலும் அடங்குவது அதற்கும் பிறகுதான். வாயைக் காயவிடாமல் சிறுநீர்ப்பையை மட்டும் அடக்குவது அதனால்தான் இவ்வளவு கஷ்டம். எம்-3ஐயே குறிவைக்கும் சிறுநீர்ப்பை மாத்திரை டாரிஃபெனசினும் தப்பவில்லை, எச்சில் சுரப்பியிலும் இருப்பது எம்-3 தானே. ஆனால் மூளையிலுள்ள எம்-1 என்ற இன்னொரு வகையை அது அவ்வளவாகத் தொடாது. வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் ஹயோசின் பியூட்டைல்புரோமைடு மூளைக்குள் நுழைவதே அரிது. ஆக்சிபுட்டினின் எளிதாக நுழைந்துவிடும். வயசானவர்களுக்கு எழுதும்போது இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

வியர்வையும் நின்றுவிட்டால் நம்மூர் மே மாத வெயிலில் உடம்புச் சூடு எப்படி இறங்கும்? ஊமத்தங்காய் தின்றால் பிதற்றுவார்கள் என்று இங்கே தெரியாதவர் இல்லை. ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின், ஹயோசின்தான். அதே பிதற்றல் மாத்திரையால் வந்தால் மட்டும் வயசு என்கிறோம்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு ஒரே டாக்டர் முன்னால் வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவர் இரண்டை நிறுத்தினார், ஒன்றை மாற்றினார். பத்து நாள் கழித்துப் பெரியம்மாவே போன் பண்ணினார்கள். இட்லிப் பொடி இப்போது உறைக்கிறதாம்.