ஆன்-ரோடு விலையில் ஒளிந்திருக்கும் பத்து லட்சக் கோடு

கார் வாங்கப் போகிறவர்கள் ஐயாயிரம் ரூபாய் தள்ளுபடிக்காக ஷோரூமில் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். அதே கொட்டேஷனில் ‘ஆர்டிஓ’ என்று ஒற்றை வரியில் ஒன்றே முக்கால் லட்சம் போட்டிருக்கும். அதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. கவர்ன்மென்ட் காசு, நாம என்ன பண்ண முடியும் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெரிய தொகை கைவிட்டுப் போவது அந்த வரியில்தான்.

தமிழ்நாட்டில் ஒரு புது காருக்கு இரண்டு பெரிய வரிகள். முதலாவது ஜிஎஸ்டி. முன்பு வாட், அதற்கும் முன்பு விற்பனை வரி என்று இருந்தது 2017 ஜூலையில் இதற்குள் போனது. ஷோரூம் விலை என்று சொல்லும்போதே ஜிஎஸ்டி உள்ளே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் 1200 சிசி அல்லது டீசல் 1500 சிசிக்குள் இருந்தால் 18%. அதைத் தாண்டினால் 40%. மின்சார வண்டிக்கு 5%. பைக்கில் 350 சிசி வரை 18%, அதற்கு மேல் 40%.

இரண்டாவது மாநில அரசின் லைஃப் டாக்ஸ், அதாவது வண்டியைப் பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் விகிதங்களை ஏற்றினார்கள். கார் விலை 5 லட்சம் வரை 12%, 10 லட்சம் வரை 13%, 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. பைக்கில் ஒரு லட்சம் வரை 10%, தாண்டினால் 12%. இந்த விலை ஜிஎஸ்டி சேர்த்த விலை. வரிக்கு வரி என்று சும்மா புலம்பவில்லை, கணக்கே அப்படித்தான். 18% வகையில் வரும் 9,99,000 ரூபாய் காரில் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 1,52,400. அந்தப் பங்குக்கும் 13% போட்டு, வரியின் மேல் வரியாக ஏறத்தாழ 19,800 ரூபாய் கட்டுகிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது படிக்கட்டு. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் அடுத்த விகிதம். லைஃப் டாக்ஸில் கோட்டைத் தாண்டினால் முழு விலைக்கும் புது விகிதம். 9,90,000 ரூபாய் வேரியன்ட் ஒன்று பிடித்திருக்கிறது என்று வையுங்கள். வரி 1,28,700. “சார், டூயல் டோன் கலர்னா பதினெட்டாயிரம்தான் கூட” என்கிறார் விற்பனையாளர். விலை 10,08,000 ஆகிறது, வரி 1,81,440 ஆகிறது. டூயல் டோன் என்று வந்த அந்தக் கறுப்புக் கூரையின் உண்மை விலை 70,740 ரூபாய். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். லோன் போட்டு வாங்கினால் அந்தக் கூரைக்கு ஏழு வருஷம் வட்டியும் உண்டு.

இதே கோடு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஜிஎஸ்டிக்கு முந்தைய விலை 8,30,000 உள்ள சின்ன பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். பழைய 29 சதவீதத்தில் (28% ஜிஎஸ்டி, 1% செஸ்) அது 10,70,700. லைஃப் டாக்ஸ் 1,92,726. இப்போது 18 சதவீதத்தில் 9,79,400; லைஃப் டாக்ஸ் 1,27,322. ஜிஎஸ்டி குறைந்ததால் மிச்சம் 91,300. லைஃப் டாக்ஸில் இன்னொரு 65,404, அதில் பெரும்பகுதி கோட்டுக்குக் கீழே இறங்கியதால். ஆறு லட்ச ரூபாய் கார் வாங்கியவருக்கு இந்த இரண்டாவது அதிர்ஷ்டம் இல்லை. அரசு எந்த வரியையும் யோசித்துக் குறைத்து அவரை விட்டுவிடவில்லை. கோடு அங்கே இருந்தது, அவ்வளவுதான். லைஃப் டாக்ஸை ஜிஎஸ்டி இல்லாத விலைக்குப் போட்டு, தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் வைத்தால் இந்தக் கூத்து நின்றுவிடும். அரசுக்கு வருமானம் குறையும் என்றால் விகிதத்தை அரை சதவீதம் ஏற்றிக்கொள்ளட்டும், அதில் நேர்மையாவது இருக்கும்.

பத்து லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வாங்கி வருமான வரித்துறைக்குக் கட்டும் முன்வரி) 1 சதவீதமும் சேரும். இது மட்டும் உங்கள் காசு. உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பலர் கணக்கே தாக்கல் செய்யாமல் பத்தாயிரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். அப்பா பெயரில் வண்டி, மகன் பான் எண் என்று இருந்தால் பின்னால் அலைச்சல்தான்.

எக்ஸ்சேஞ்ச் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. பழைய வண்டிக்கு இரண்டு லட்சம் கழித்தால் மீதித் தொகைக்குத்தான் வரி என்று நினைக்கிறார்கள். இல்லை. பழைய வண்டியும் நீங்கள் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி. ஜிஎஸ்டி விதி 27 இதற்குச் செல்போனை வைத்தே எடுத்துக்காட்டுச் சொல்கிறது: பழைய போனைக் கொடுத்து 20,000 கட்டினாலும், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதன் விலை 24,000 என்றால் வரி 24,000-க்கு.

“கம்பெனி பேர்ல எடுங்க, ஜிஎஸ்டி திரும்ப வந்துரும்” என்பதும் அதே ரகம். டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5) அந்த வாசலை மூடிவைத்திருக்கிறது. வண்டி விற்பவர், டாக்ஸி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு.

இனி கொட்டேஷனில் இருந்த அந்த ‘ஆர்டிஓ’ தொகை. அதைப் பிரித்துக் கேளுங்கள். லைஃப் டாக்ஸ், சாலைப் பாதுகாப்பு வரி, பதிவுக் கட்டணம் (காருக்கு 600, பைக்குக்கு 300), ஸ்மார்ட் கார்டு 200, கடன் இருந்தால் அதை ஆர்சியில் ஏற்றக் காருக்கு 1,500, பைக்குக்கு 500. இவற்றுக்கு வெளியே எது இருந்தாலும் அது என்ன கட்டணம் என்று கேளுங்கள், அது ஷோரூமின் சொந்தக் கணக்காக இருக்கலாம். ‘ஹேண்டிலிங் சார்ஜ்’ என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. லைஃப் டாக்ஸ் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் கட்டப்படுகிறது, ரசீதும் அங்கேயே வரும். வண்டியை எடுக்கும் முன் அந்த ரசீதைக் கேளுங்கள். கொட்டேஷனில் உள்ள தொகையும் ரசீதுத் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை, கெஞ்சல் இல்லை. சீட் கவர், பாய், ஸ்டீரியோ எல்லாம் தனி பில்லில் இருக்கட்டும். வண்டி இன்வாய்ஸில் சேர்ந்தால் அதற்கும் லைஃப் டாக்ஸ் விழும், விலை கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கோட்டையும் தாண்டவைத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு: 2024 டிசம்பரில் ஜெய்சால்மர் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, சொந்தக் காரை விற்றாலே 18% என்று வாட்ஸ்அப்பில் பீதி கிளம்பியது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் ஜிஎஸ்டி இல்லை. பதிவுபெற்ற டீலர் விற்றால் அவருடைய லாபத்துக்கு மட்டும். நாலு லட்சத்துக்கு வாங்கி 4,60,000-க்கு விற்றால் 60,000-க்கு 18%, அதாவது 10,800. மாநிலத்துக்குள் கை மாறினால் லைஃப் டாக்ஸ் மறுபடி கட்ட வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கொடுக்க வேண்டும்.

பெங்களூரு வண்டி மலிவு என்று கிளம்புபவர்கள் மட்டும் கவனியுங்கள். அங்கிருந்து என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற லைஃப் டாக்ஸைக் கட்டி, புது எண் வாங்கிய பிறகுதான் அங்கே கட்டிய வரியின் மீதிக்கு விண்ணப்பிக்க முடியும். முதல் உரிமையாளரின் அசல் இன்வாய்ஸ் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இங்கே வரி கணக்கிட அந்த விலைதான் வேண்டும்.