138ஐ தாண்டக்கூடாது

(ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரை மணி, மெரினா. உழைப்பாளர் சிலையில இருந்து லைட்ஹவுஸ் பக்கமா சேகர் ஓடிட்டு இருக்காரு. பக்கத்துல செல்வி வர்றாங்க. நடந்து.)

செல்வி: என்னங்க, ஓட ஆரம்பிச்சதும் சொல்லுங்க, நான் ஓரமா உக்காந்துக்கறேன்.

சேகர்: ஓடிட்டுதானே இருக்கேன்!

செல்வி: இதுவா? இப்பதான் டீ கேனை மாட்டின சைக்கிளை தள்ளிட்டு ஒரு அண்ணன் நம்மள தாண்டிப் போனாரு.

சேகர்: அவரு போகட்டும்மா. ட்ரெய்னிங்ல மெதுவா ஓடினாதான் ரேஸ்ல வேகம் வரும். 180ல இருந்து நம்ம வயச கழிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு, எனக்கு 42, அப்போ 138, ஹார்ட் ரேட் அத தாண்டுச்சுன்னா இந்த வாட்ச் கத்தும், நான் இன்னும் மெதுவாகணும்.

செல்வி: இன்னும் மெதுவான்னா நின்னுதான் ஆகணும்.

சேகர்: சிரிக்காத. இப்படி நிதானமா ரொம்ப நேரம் ஓடினாதான் தசைக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா பெருகும், சின்ன சின்ன ரத்தக்குழாய் புதுசா வளரும், கொழுப்ப எரிச்சு ஓட உடம்பு பழகும், இல்லன்னா உடம்பு சேத்து வச்சிருக்கற சர்க்கரை, அதான் கிளைகோஜன், எல்லாம் மாரத்தான்ல 30 கிலோமீட்டர் வாக்குல தீந்துபோயி...

செல்வி: பிளாட்பாரத்துல உக்காந்து எனக்கு போன் பண்ணி ஆட்டோ அனுப்ப சொல்வீங்க. போன தடவ பாத்தேனே.

சேகர்: (அவசரமா) நியூசிலாந்துல பீட்டர் ஸ்னெல்னு ஒருத்தர், 800 மீட்டர் ஓட்டக்காரர். ரெண்டு நிமிஷம்கூட ஆகாத ரேஸ். ஆனா அவரோட கோச் லிடியார்ட் அவர மலை ரோட்டுல 35 கிலோமீட்டர் ஓட விட்டாரு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல தங்கம், 64 டோக்கியோல 800, 1500 ரெண்டுலயும் தங்கம்!

செல்வி: நம்ம வீட்ல ஒரு குண்டுமணி தங்கம் ஏறல. சரி, வேகம் கரெக்டா இருக்குன்னு வாட்ச் இல்லாதவங்க எப்படி கண்டுபிடிப்பாங்க?

சேகர்: ரொம்ப ஈஸி. ஓடிட்டே மூச்சு வாங்காம முழுசா பேச முடியணும், அவ்ளோதான்.

செல்வி: அப்படியா... அப்போ இன்னும் ஒரு மணி நேரம் நீங்க எங்கயும் ஓடிப்போக முடியாது, டிவி பாக்க முடியாது, மூச்சு வாங்குதுன்னு தப்பிக்கவும் முடியாது. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு இப்படி ஒரு சான்ஸ் கிடைச்சதே இல்லங்க. இந்த ஷூ எவ்ளோ?

சேகர்: ரெண்டாயிரத்து ஐந்நூறு. ஆஃபர்ல.

வாட்ச்: பீப் பீப் பீப்.

செல்வி: என்னங்க கத்துது? வேகம் கூடவே இல்லையே.

சேகர்: சென்னை ஹ்யூமிடிட்டிம்மா. வேர்வை காயாது, உடம்ப குளிர வைக்க இதயம் தோல் பக்கமும் ரத்தம் அனுப்பணும், அதே வேகத்துல ஓடினாலும் துடிப்பு ஏறும். நெஜமான சயின்ஸ் இது.

செல்வி: சரி, ஹ்யூமிடிட்டிய சேத்து எவ்ளோ ஆச்சு?

சேகர்: அஞ்சாயிரம்...

வாட்ச்: பீப் பீப் பீப் பீப்.

செல்வி: 149 காட்டுது.

சேகர்: பதினோராயிரம்! போதுமா?

(வாட்ச் அமைதி. ரெண்டு பேரும் அதையே பாக்கறாங்க. 136.)

செல்வி: அட, நல்ல பொருளுதாங்க. குடுத்த காசுக்கு உழைக்குது. அடுத்து, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் புது பைக் வாங்கினாரே, அதுக்கு...

சேகர்: செல்வி, சொல்ல மறந்துட்டேன், மெதுவாவே ஓடிட்டு இருந்தா பத்தாது, அஞ்சுல ஒரு பங்கு வேகமா ஓடணும், ஆராய்ச்சியே இருக்கு!

செல்வி: அது வியாழக்கிழமைன்னு ஃபிரிட்ஜ்ல அட்டவணை ஒட்டி வச்சிருக்கீங்களே?

(சேகர் பறக்கறாரு. டீ சைக்கிள் அண்ணன தாண்டறாரு, நாய் ரெண்டு துரத்திப் பாத்துட்டு விட்டுடுச்சு. செல்வி நிதானமா மண்டபத்துப் படியில உக்காந்து போன எடுக்கறாங்க, ஓட்டம் லைவா வர்ற ஆப் அதுல இருக்கு.)

செல்வி: விவேகானந்தர் இல்லம் தாண்டியாச்சு... 158... 166... 171. (பெருமூச்சு விட்டு) அப்போ லட்சத்துக்கு மேலதான் குடுத்திருக்காரு.